அறையை விட்டுப் போகாதவள்

என் அன்பு மகனுக்கு,

உன் குரல் செய்தி கிடைத்தது. அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுவிட்டாய். ஆகவே எனக்கு முன்னமே லண்டனில் உன் அக்கா கேட்டுவிட்டாள். தெகிவளையில் உன் சித்தி கேட்டு, கும்பிடுகிற இரண்டு கைகளையும் ஒரு ரோஜாப்பூவையும் போட்டுவிட்டாள். பெயர்கூட மறந்துபோன ஒன்றுவிட்ட சொந்தங்களெல்லாம் பெருவிரலை உயர்த்திவிட்டார்கள். பெற்றவள் நான்தான் கடைசியாகக் கேட்டேன். "அம்மா, மணவறையில சித்தப்பாவும் சித்தியும் இருக்கட்டும். நீங்கள் சும்மா அலையாமல் ரெஸ்ட் எடுங்கோ. தாலி கட்டி முடிஞ்சாப் பிறகு வந்து ஆசீர்வாதம் பண்ணலாம்தானே" என்று, பல் வைத்தியரிடம் நாள் மாற்றுகிறவனின் குரலில் சொல்லியிருக்கிறாய். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தமும் கேட்டது. தாயைத் தன் கல்யாணத்திலிருந்து தூக்கி ஒரு பக்கம் வைக்கிற வேலையைப் பாத்திரம் கழுவிக்கொண்டே முடித்துவிட்டாய், கெட்டிக்காரன்தான். நீ எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னதால் நானும் எல்லோருக்கும் தெரியும்படியே பதில் போடுகிறேன். குரலில் போட்டால் கத்திவிடுவேன், பிறகு நான் கத்தியதை மட்டும்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், சித்தி தன் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொள்ளட்டும்.

காரணத்தை நீ சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை. நானே சொல்கிறேன். உன் அப்பா போய் நாலு வருடமாகிறது. புருஷன் இல்லாதவள் மணவறையில் பெற்றோர் இடத்தில் இருக்கக்கூடாது, மாப்பிள்ளையின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைக்கக்கூடாது, தாலி கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கக்கூடாது. எல்லாம் முடிந்த பிறகு வந்து, காலில் விழுகிற பிள்ளைகளின் தலையில் கை வைத்தால் போதும். இதை நீ நம்புகிறாயா என்றால், இல்லை. ரொறன்ரோவுக்குப் போன பிறகு நீ கோயிலுக்குப் போவதே அங்கே பின்னேரம் மசாலாத் தோசை கொடுக்கிறார்கள் என்பதற்காகத்தான் என்று உன் வாயாலேயே சொல்லியிருக்கிறாய். உண்மையிலேயே நம்புகிறவன் என்றால் மன்னித்துவிடுவேன், பாவம், அவனுக்கு விளங்குவது அவ்வளவுதான். துளியும் நம்பாமல், மண்டபத்தில் நாலு பேர் முகத்தைச் சுளிக்கக்கூடாது என்பதற்காக மட்டும் தாயை ஒதுக்குகிறவனை என்னவென்று சொல்வது? என்னிடம் ஒரு சொல் இருக்கிறது, ஆனால் குழுவில் சின்னப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இனி அந்த 'ரெஸ்ட்' என்ற சொல்லுக்கு வருகிறேன். உன் செய்தி வந்த நேரம் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? இங்கே கொழும்பில், கொள்ளுப்பிட்டியில், குளியலறைச் சாமான் விற்கிற ஒரு கடைக்கு மேல் மூன்றாம் மாடியில், ஹீற்றர் போட்டுச் சூடாக்கிய அறைக்குள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். மற்றக் காலை முன்னுக்கு நீட்டி, பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். முழங்கையிலிருந்து வேர்வை சொட்டுச் சொட்டாகத் துவாயில் விழுந்துகொண்டிருந்தது. தொண்ணூறு நிமிடம் அந்தச் சூட்டில் நின்று, வளைந்து, முறுகி, படுத்து எழும்பிவிட்டு, ஈரத் தலையோடு படியில் இருந்து கைத்தொலைபேசியைத் திறந்தால், என் மகன் என்னை ரெஸ்ட் எடுக்கச் சொல்கிறான். படியில் இருந்தபடியே சிரித்தேன். என்னைக் கடந்து இறங்கிய ஒரு வெள்ளைக்காரி, என்ன நல்ல செய்தியா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த இடத்துக்கு என்னை அனுப்பியவனும் நீதான். உன் கல்யாணம் நிச்சயமான அதே வாரம், என் தோள் இறுகிப் போய்விட்டது, சட்டையின் கொக்கியை நானே மாட்ட முடியவில்லை என்று சொன்னதற்கு, மூன்று மாதத்துக்கு 'ஹொட் யோகா' என்று இணையத்தில் பதிந்து, எனக்கு ஒரு மின்னஞ்சல் வரச் செய்தாய். அதைப் படித்து எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கொழும்பில், அதுவும் சித்திரை மாதத்தில், சூடாக்கிய அறை. வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் கரண்ட் போனால் பத்து நிமிடத்தில் சேலை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, ஃபேன் இல்லாமல் ஒரு வீட்டிலும் பச்சைப்பிள்ளை நித்திரை கொள்வதில்லை. இந்த ஊரில் வேர்ப்பதற்கென்று ஒரு இடமா? பனி கொட்டுகிற தேசத்துக்காரன் செய்தால் அதில் ஒரு ஞாயம் இருக்கிறது, அவனுக்கு வேர்வை ஒரு விருந்தாளி. நம்முடைய ஆசனங்களைக் கடல் கடந்து கொண்டுபோய், ஹீற்றர் பூட்டி, ஆங்கிலப் பெயர் வைத்து, திரும்ப நமக்கே அனுப்பியிருக்கிறார்கள். அதை என் மகன் எனக்குப் பரிசாகத் தருகிறான். தாய்க்கு ஏதோ செய்துவிட்டோம் என்று உன் மனது ஆற ஒரு வழி தேடினாய் என்றுதான் நினைத்தேன். உன் இந்தச் செய்தி வந்த பிறகு அப்படி நினைத்தது பிழை என்றும் தோன்றவில்லை.

ஆனாலும் போனேன். கொடுத்ததை வீணாக்குகிற குணம் எனக்கு இல்லை, போய்ப் பார்த்துவிட்டு உன்னைத் திட்ட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. எங்கள் டொக்டரிடம் பிரஷர் பார்க்கச் சொன்னேன், அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தார், பரவாயில்லை போங்கோ என்றார். பழைய பஞ்சாபி உடுப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு, சாமி அறையில் திருநீறு பூசிக்கொண்டு, பஸ் ஏறிப் போனேன். உள்ளே எல்லாம் கறுவாத்தோட்டத்துப் பணக்காரப் பெண்கள், உடம்போடு ஒட்டிய உடுப்பு, கையில் வீட்டுத் தண்ணீர்க் குடம் அளவுக்குப் போத்தல். சட்டை போடாத ஒரு வெள்ளைக்காரன், முதுகெல்லாம் ஏதோ படம் குத்தியிருந்தான், இன்னும் ஒன்றும் தொடங்கவில்லை, அதற்குள் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான். சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் எல்லோருக்கும் பின்னால், திருநீறு கரைந்து மூக்கில் வழிய, பூப்போட்ட பஞ்சாபியில் ஒரு கிழவி நின்றாள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கிய உப அதிபர் அவள்தான் என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

முதலாவது மூச்சுப் பயிற்சியிலேயே தோற்றேன். விரல்களைக் கோத்து நாடிக்குக் கீழே வைத்து, மூச்சை இழுக்கும்போது முழங்கைகளைக் காது வரைக்கும் உயர்த்த வேண்டும். என் இடது முழங்கை போனது, வலது முழங்கை மார்பளவில் நின்றுவிட்டது. கால் மணி நேரத்தில் தலை சுற்றியது. அருவருப்பாகவும் இருந்தது. அடுத்தவனுடைய வேர்வை மணம், ரப்பர்ப் பாயின் மணம். துவாயை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தேன். படிப்பிக்கிற பெண் நதீஷா, சிங்களப் பிள்ளை, உன்னைவிட இளையவள், கதவுக்குக் கிட்ட வந்து என் கையைப் பிடித்தாள். "ஆன்ட்டி, ஹெமின்" என்றாள், மெதுவாக என்று. பிறகு சிங்களமும் ஆங்கிலமும் கலந்து காதோடு ஒன்று சொன்னாள். புதிதாக வருகிறவர்களுக்கு இங்கே ஒரே ஒரு பாடம்தானாம். ஒன்றும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, இருங்கள், படுங்கள், ஆனால் அறையை விட்டு மட்டும் வெளியே போகாதீர்கள். தலை சுற்றினால் படுத்திருங்கள், மற்றவர்கள் செய்வதைப் பாருங்கள். இன்றைக்கு அதைச் செய்துவிட்டால் உங்கள் வகுப்பு முடிந்தது.

இது ஒரு பாடமா என்று எனக்குள் ஏளனமாக இருந்தது. ஒன்றும் செய்யாமல் கிடப்பதற்கு மதிப்பெண் கொடுக்கிற பள்ளிக்கூடத்தை நான் கண்டதில்லை. என் பள்ளிக்கூடத்தில் வீட்டுவேலை செய்யாத பிள்ளைக்கு நான் கொடுத்த தண்டனையே "வெளியில போய் நில்" என்பதுதான். நீயே ஒரு நாள் கேட்டாய், அம்மா, கணக்கு விளங்காத பிள்ளையை வெளியே விட்டால் எப்படிக் கணக்கு விளங்கும் என்று. அப்போது உனக்கு ஒன்பது வயது, வாயை மூடு என்றேன். அந்த வாய் இப்போது எங்கே போனது என்பதுதான் என் கேள்வி. எப்படியோ, திரும்பிப் போய்ப் பாயில் படுத்தேன். மிச்ச நேரம் முழுவதும் கூரையைப் பார்த்துக்கொண்டு, எல்லோரையும் மனதுக்குள் வைதுகொண்டு, மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தேன். ஆனால் வெளியே போகவில்லை. கடைசியில் எல்லோரும் செத்தவர்கள் மாதிரிப் படுத்திருக்கிற ஆசனம் வந்தது. அதை மட்டும் நான் மிக நன்றாகச் செய்தேன் என்று நதீஷா பாராட்டினாள்.

பிறகு நடந்ததை உன்னிடம் நான் மறைத்தேன். எப்படி இருக்கிறது அம்மா என்று நீ கேட்டபோதெல்லாம் 'பரவாயில்லை' என்றேன். பரவாயில்லை இல்லை மகனே. எனக்கு அது பைத்தியமாகிவிட்டது. முதல் நாள் வகுப்பு முடிந்து, நெரிசலான காலி வீதியில் இறங்கினேன். பத்தரை மணி வெயில், பஸ் புகை, தார் உருகுகிற வாடை. எனக்குக் குளிர்ந்தது. இத்தனை வருடத்தில் கொழும்பு எனக்குக் குளிர்ந்தது அன்றைக்குத்தான். கடல் பக்கத்திலிருந்து காற்று வந்து ஈரத் தலையில் பட்டது. ஒரு செவ்விளநீர் வாங்கிக் குடித்தேன். கடலில் குளித்தீர்களா அம்மா என்று கடைக்காரன் சிங்களத்தில் கேட்டான், ஓம் என்று பொய் சொன்னேன், காசு கட்டி வேர்த்துவிட்டு வருகிறேன் என்று எப்படிச் சொல்வது? அன்று மத்தியானம் படுத்து, உன் அப்பா போன பிறகு முதல் தடவையாக, ஒரு யோசனையும் இல்லாமல் நித்திரை கொண்டேன். அடுத்த நாள் திரும்பப் போனேன். ஒரு மாதத்தில் வலது முழங்கை காதைத் தொட்டது. அந்தக் கண்ணாடியில் அதைப் பார்த்து நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன், எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. இப்போது சட்டைக் கொக்கியை நானே மாட்டுகிறேன். உன் அக்காவுக்குத் தெரியாமல் லெகின்ஸ்கூட இரண்டு வாங்கிவிட்டேன், இனித் தெரியட்டும்.

எதில் விழுந்தேன் என்று நான் நிறைய யோசித்தேன். அந்த மனிதர்களில் இல்லை. அவர்களை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. அந்த வெள்ளைக்காரன் இன்றைக்கும் என் பாயில் வேர்வையைத் தெறிக்கிறான், ஒவ்வொரு ஆசனத்துக்கும் பிரசவ வேதனை மாதிரி முனகுகிறான். இன்னொருத்தி ஆசனத்துக்கு நடுவில் கண்ணாடியைப் பார்த்துத் தன் புருவத்தைத் திருத்துகிறாள். ஆனால் அந்த அறைக்குள் பேசக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. ஒருத்தரும் என்னிடம், மகன் என்ன செய்கிறார், மகளுக்கு எத்தனை பிள்ளைகள், அவர் எப்படிப் போனார் என்று கேட்பதில்லை. அங்கே நான் முழங்கை உயராத ஒரு ஆன்ட்டி, அவ்வளவுதான், பிறகு முழங்கை உயர்ந்த ஆன்ட்டி. நான் விழுந்தால் ஒருத்தரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் எல்லோரும் விழுகிறார்கள். கதவுப் பக்கம் கண் போகிற ஒவ்வொரு தடவையும், இரு, போகாதே என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு அது பெரிய விஷயம். ஏனென்றால் உன் அப்பா போனதிலிருந்து எழும்பிப் போவதுதான் என் வேலையாக இருந்தது. மேல் மாடிப் பிள்ளையின் கல்யாணத்தில், தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்கு வரிசையாக வந்துகொண்டிருந்தது. எனக்கு முன் வரிசைக்கு வந்ததும் ஒருத்தரும் ஒன்றும் சொல்லாமலே நான் எழும்பிப் போய்க் கழிவறைக்குள் நின்றேன். அங்கே நின்றபடி கெட்டிமேளம் கேட்டேன். நான் மரியாதையாக நடந்துகொண்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதைவிடக் கேவலமான ஒன்றை நான் செய்ததில்லை என்று எழுத நினைத்தேன். ஆனால் செய்திருக்கிறேன்.

உன் செய்தி வந்த அன்று பின்னேரம் சித்தி தொலைபேசி எடுத்தாள். குரலில் அவ்வளவு தேன். "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நாங்கள் இருக்கிறம்தானே. நீங்கள் சாப்பாட்டுப் பக்கத்தை மட்டும் ஒருக்கால் பாருங்கோ, உங்களை விட்டால் ஆர் இருக்கினம்" என்றாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். கோபத்தால் இல்லை. அந்த வசனம் என்னுடையது. சித்தி அதை என்னிடமிருந்துதான் படித்திருக்கிறாள். உன் அக்காவின் கல்யாணத்தில், இதே வெள்ளவத்தையில், முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கையில் என் சொந்தத் தமக்கை, உன் பெரியம்மா, மணவறைக்குக் கிட்ட வந்து நின்றாள். அப்போது பெரியப்பா போய் இரண்டு வருடம். நான் பள்ளிக்கூடம் போன நேரமெல்லாம் உன் அக்காவைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, தலை இழுத்துப் பின்னி அனுப்பியவள் அவள். அன்று உன் அக்கா போட்டிருந்த கூறைச் சட்டையைத் தைத்தவளும் அவள்தான். நான் பட்டுச் சேலை சரசரக்கப் போய், வாயெல்லாம் பல்லாக, "அக்கா, சாப்பாட்டுப் பக்கத்தை ஒருக்கால் பாருங்கோ, உங்களை விட்டால் ஆர் இருக்கினம்" என்றேன். சித்தி பக்கத்தில்தான் நின்றாள். பெரியம்மா என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் போனாள். போ என்று சொல்லாமலே அனுப்பிவிட்டேன், யாருடைய மனதும் நோகவில்லை என்று எனக்கு அன்றைக்கு என் கெட்டித்தனத்தில் பெருமைகூட இருந்தது. உன்னை ஏசுவதற்கு எனக்கு வாயில்லை என்று நீ சொல்வாய். சொல். அந்த வாயை வைத்துக்கொண்டுதான் ஏசுகிறேன்.

அடுத்த நாள் வகுப்புக்குப் போகாமல் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். பெரியம்மா தொலைக்காட்சியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா, அண்டைக்கு நான் உங்களைச் சாப்பாட்டுப் பக்கம் அனுப்பினது பிழை என்று வாசலில் நின்றபடியே சொன்னேன், உள்ளே போய் இருந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரியும். அவள் சத்தத்தைக் குறைத்தாள், நாடகத்தை நிற்பாட்டவில்லை.

"உனக்கு வந்தாப் பிறகுதானே விளங்குது" என்றாள்.

அது உண்மைதான். இரு என்று கதிரையைக் காட்டினாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நாடகத்தைப் பார்த்தோம். பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "கெட்டிமேளம் கேட்டுது. நான் பாயாசத்தைக் கிண்டிக்கொண்டு நிண்டனான். ஏன் அம்மா அழுறியள் எண்டு சமையல்காரன் கேட்டான். புகை கண்ணுக்கை போட்டுது எண்டு சொன்னனான். அது காஸ் அடுப்பு."

மகனே, இத்தனை வருடத்தில் அவள் அதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. நான் அழுதேன். அவள் அழவில்லை, எனக்கு மூக்குத் துடைக்கத் தன் சேலைத் தலைப்பையும் தரவில்லை, எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். உன் கல்யாணத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து இருக்க வேண்டும் என்று கேட்டேன். மணவறைக்குக் கிட்டவா என்று கேட்டாள், ஓம், கிட்டத்தான் என்றேன். "யோசிச்சுச் சொல்லு. இருத்தினா இருந்ததுதான். பிறகு எழுப்ப ஏலாது, என்ர முழங்கால் விடாது" என்றாள். அவளுக்கு இன்னும் என்னில் நம்பிக்கை இல்லை என்று எனக்கு விளங்கியது, அதில் ஞாயம் இருக்கிறது.

வருகிற வழியில் கோயிலுக்குப் போய் ஐயரைக் கண்டேன், உன் கல்யாணத்தைச் செய்து வைக்கப் போகிறவர். நான் தயாராகப் போனேன், அவர் இப்படிச் சொன்னால் இப்படிக் கேட்பேன் என்று பஸ்ஸில் இருந்து வசனம் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் தலையைச் சொறிந்தார், சுற்றும் முற்றும் பார்த்தார். "எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை அம்மா. மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாச் சரி. இப்ப எத்தினை இடத்தில செய்யினம்" என்றார். இத்தனை காலம் அதைச் சாத்திரம் என்று நினைத்துப் பயந்திருந்தேன். கடைசியில் பார்த்தால் அது உன் ஒரு வார்த்தை. ஐயர் விட்டுக்கொடுத்துவிட்டார், நீதான் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், அதுவும் நம்பாத ஒன்றை.

கல்யாணத்துக்கு முன் தாய் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயப்படாதே. அந்த நாலு பேரும் சாப்பிட்டுவிட்டு, பாயாசத்தில் சீனி காணாது என்று சொல்லிக்கொண்டுதான் போவார்கள், நீ யாரை எங்கே இருத்தினாலும். உனக்குத் தெரியாத ஒன்றைப் புதிதாகத் தொடங்கினால், சிரிப்பார்களோ என்று பார்க்காதே. கல்யாணமும் உனக்குப் புதிதுதான், முதல் மாதம் தலை சுற்றும், அப்போது துவாயை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடக்காதே. இனி ஒன்று, இதைப் படிக்கிறபோது சித்தி 'அபசகுனம்' என்று வாயில் கை வைப்பாள், வைக்கட்டும். நீ கட்டப் போகிற அந்தப் பிள்ளையை நினைத்துப் பார். எனக்கு நடந்தது அவளுக்கும் நடக்கலாம், யாருக்கும் நடக்கலாம். அப்போது அவளுடைய மகன் அவளைச் சாப்பாட்டுப் பக்கம் அனுப்ப வேண்டும் என்று நீ விரும்புகிறாயா? அவனுக்கும் அது யாரிடமிருந்தாவது தொற்றும், சித்திக்கு என்னிடமிருந்து தொற்றினது போல. உன்னை இவ்வளவு ஏசுகிறேனே, உன்னில் எனக்கு அன்பில்லாமல் இல்லை. நீ பிறந்த அன்று உன் முகத்தைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை இந்தக் குழுவில் ஒருத்தரும் பட்டிருக்க மாட்டார்கள். அந்த முகத்தில் தலைப்பாகை ஏறுவதை நான் பார்க்க வேண்டும். மண்டபத்தின் பின்கதவு வழியாக இல்லை.

நீ வந்து இறங்குகிறபோது நல்ல துவாய் ஒன்று கொண்டு வா, இங்கே விற்கிறது வேர்வையை உறிஞ்சுவதில்லை. நீ அனுப்பிய மூன்று மாதம் முடிந்துவிட்டது, மேற்கொண்டு நானே சேர்ந்துவிட்டேன், அதற்கு உனக்கு நன்றி. இது ஒன்றுக்கு மட்டும் மனதார நன்றி.

நீ அந்த ஒரு வார்த்தையை இதே குழுவில், இதே போல எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாய் என்று பார்த்திருக்கிறேன். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொல். சொல்லாவிட்டாலும் நான் வருவேன். விடியவே வந்து, மணவறைக்கு முன்னால் முதல் வரிசையில் இருப்பேன், பக்கத்துக் கதிரையில் பெரியம்மா இருப்பாள். சண்டை போட மாட்டேன், அழ மாட்டேன், தாலித் தட்டை நீட்டாமல் தாண்டிக்கொண்டு போனால் கையை நீட்டிக் கேட்கவும் மாட்டேன். ஆனால் யாராவது வந்து, வாயெல்லாம் பல்லாக, சாப்பாட்டுப் பக்கத்தை ஒருக்கால் பாருங்கோ என்றால், நாங்கள் இரண்டு பேரும் எழும்ப மாட்டோம். அவளுக்கு முழங்கால் விடாது. எனக்கு இப்போது எல்லா மூட்டும் நன்றாக வேலை செய்கிறது, ஆனாலும் எழும்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா